ஆண்பால்

கிண்ணத்தில் இருப்பது பால் அல்ல, பசை.
மரச்சட்டம் ஒட்டுகிற வெள்ளைப் பசை,
டப்பா மூன்று யூரோ தொண்ணூறு.
பாலில் சோளச்செதில் ஊறி அமிழ்ந்துவிடும்.
பசையில் மிதக்கும், மாலைவரை மொறுமொறுவென்று.
இடுக்கியால் ஒரு ஸ்ட்ராபெரியைத் திருப்பி வைக்கிறாள் வீப்கெ.
அதன் காயத்துக்கு உதட்டுச் சாயம்.

லேவார்டனில் பழைய உரக்கிடங்கு ஒன்று
இப்போது ஸ்டுடியோ.
பன்னிரண்டு வருடமாக அவள் இங்கே
எவரும் தின்ன முடியாத உணவைச் சமைக்கிறாள்.
ஐந்து வருடமாகப் பால், முட்டை, தேன் தொடுவதில்லை.
"உன் மேசையைவிட வீகன் மேசை
ஐரோப்பாவிலேயே கிடையாது"
என்பான் விளக்குக்காரன் யெல்மர்.

அவள் பையில் ஓட்ஸ் பானம் ஒரு பெட்டி.
அதன்மேல் பால் என்று அச்சிடச் சட்டம் விடாது.
பால் என்றால் மடியிலிருந்து வர வேண்டுமாம்.
என் மொழியில் கள்ளிக்குப் பால் உண்டு,
தேங்காய்க்கு உண்டு, எருக்குக்கு உண்டு,
முற்றாத நெல்லைக் கிள்ளினாலும் பால்தான்.
பசைக்கு இல்லை. ஆனால்
பசை நடிக்கலாம்.

*

பசு மட்டும் நிஜமாக வேண்டும் என்றார் இயக்குநர்.
வீப்கெ தம்பியைக் கூப்பிட்டாள்.
டௌவெயிடம் தொண்ணூறு மாடு,
வங்கியில் அதைவிடப் பெரிய மந்தையாகக் கடன்.
லிட்டருக்கு நாற்பது சென்ட் சொச்சம் வாங்குகிறவன்
பசை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதைக் கறக்க வழி உண்டா?"

காதில் மஞ்சள் வில்லை, எண் 4471.
வாடகை வேலிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.
புல்லைப் பார்த்தது. ஈயைப் பார்த்தது.
யெல்மரின் தொப்பியைத் தின்னப் பார்த்தது.
"கண்ணில் ஒன்றுமே இல்லையே" என்றார் இயக்குநர்.
"ஒரு தாய் மாதிரி... ஒரு கனிவு..."
டௌவெ கொஞ்ச நேரம் தன் பூட்ஸ் நுனியையே பார்த்தான்.
பிறகு போய், கொட்டகைக்கு அப்பால்
வெள்ளைப் பிளாஸ்டிக் குடிலிலிருந்து
அதன் கன்றைக் கயிற்றில் பிடித்து வந்து
கேமராவுக்கு இடப்புறம் நிறுத்தினான்.
ஈன்று பதினாறு நாள். பிரித்துப் பதினைந்து.

பசு தலை தூக்கியது.

"அதுதான்! அந்தப் பார்வைதான்! யாரும் அசையாதீர்கள்!"

பதினொரு நொடி.
பிறகு அது கத்த ஆரம்பித்தது.
பரவாயில்லை, பியானோ போட்டுக்கொள்வார்கள்.

மறுநாள் காலை லாரி வந்தது.
கன்று ஆண்பால்.
ஆண்பாலில் பால் இல்லை.
பண்ணையின் இலக்கணம் அவ்வளவுதான்.

அன்று இரவு டௌவெ வீட்டில் காபி.
பழக்கத்தில் அவள் கோப்பையிலும் பாலை ஊற்றிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான். கொட்டவா என்றான்.
அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
குடிக்கவில்லை. ஆடை படிந்தது.
விளம்பரத்தில் உனக்கு எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.
லாரிக்காரன் என்ன கொடுத்தான் என்று அவளும்.

*

ஏப்ரலில், ஸ்வோல்லெ பேருந்து நிறுத்தத்தில்,
கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு
ஆளுயரத்துக்கு 4471இன் முகம்.
காது வில்லையை அழித்திருந்தார்கள்.
கீழே கிண்ணம், கிண்ணத்தில் அவள் பசை,
"அன்போடு உங்கள் மேசைக்கு."
பால் பொய். பழத்தின் சிவப்பு பொய்.
வேலியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.
கலப்படம் இல்லாதது அந்தப் பார்வை ஒன்றுதான்.

அது நம்மைப் பார்க்கவில்லை,
கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறது.
அங்கே என்ன என்று
காத்திருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை.
வீப்கெ இரண்டடி நகர்ந்து
குப்பைத்தொட்டியை ஒட்டிப் போய் நின்றாள்.
போதவில்லை. கன்று அவள் இடுப்புயரம்கூட இல்லை.
ஷூ நாடா கட்டுகிறவளைப் போலக் குனிந்தாள்.

பேருந்து வந்தது.
ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்,
நாடா ஏற்கெனவே கட்டியிருந்ததை
அவரும் பார்த்திருக்க வேண்டும்.